பிறந்த நாளன்று கோள்கள் எங்கே இருந்தன?

சில நாள்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு படத்தைக் கொண்டு வந்தான். நடுவே சூரியன், சுற்றிலும் ஆறு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு கோள். அவன் தங்கை 2012 ஜூன் 6 காலை 7 மணிக்குப் பிறந்தவள். அந்த நேரத்தில் கோள்கள் இருந்த நிலையைக் கையில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறானாம். "சரியா என்று பாருங்கள், சார்" என்றான்.

படத்தில் புவி சூரியனுக்கு ஒரு பக்கம். வெள்ளி மறு பக்கம். பார்த்த உடனே தவறு என்று கூறிவிட்டேன். ஏன் தெரியுமா? அன்று காலை வெள்ளி ஒரு கரும்புள்ளியாகச் சூரிய வட்டத்தைக் கடந்து சென்றது. இதற்கு வெள்ளி இடைநகர்வு என்று பெயர். இனி 2117 டிசம்பரில்தான் இது நிகழும். சூரியனுக்கும் நமக்கும் நடுவே நின்ற கோள் சூரியனுக்குப் பின்னால் எப்படிப் போகும்?

தவறு எங்கே நேர்ந்தது? அவன் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கிறான். அன்று சூரியன், சுக்கிரன் இரண்டும் ரிஷபத்தில். அது புவியிலிருந்து பார்க்கும் திசை. அந்தத் திசையையே சூரியனிலிருந்து அளந்து வெள்ளியைக் குறித்துவிட்டான். பஞ்சாங்கத்தில் பிழையில்லை, பார்க்கும் இடத்தை மாற்றியதுதான் பிழை. மேலும், பஞ்சாங்கத்தின் மேஷத் தொடக்கத்துக்கும் வானியலார் அளக்கத் தொடங்கும் வசந்த சம இரவுப் புள்ளிக்கும் இடையே இன்று சுமார் 24 பாகை வேறுபாடு உண்டு.

சரி, நாமே கணக்கிடுவோம். 2000 ஜனவரி 1, இந்திய நேரம் மாலை 5.30 மணியைத் தொடக்கமாகக் கொள்வோம். அப்போது சூரியனிலிருந்து அளந்த சராசரிக் கோணமும், கோள் ஒரு நாளில் நகரும் சராசரிக் கோணமும் (பாகையில்) வருமாறு:

புதன் – 252.25, 4.0923
வெள்ளி – 181.98, 1.6021
புவி – 100.46; 0.9856
செவ்வாய் – 355.45, 0.5240
வியாழன் – 34.4, 0.0831
சனி – 50; 0.0335

முறை எளியது. தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை நாள் நகர்வால் பெருக்குங்கள். தொடக்கக் கோணத்தைக் கூட்டுங்கள். முழுச் சுற்றுகளை, அதாவது 360-இன் மடங்குகளை, நீக்குங்கள். 2000-க்கு முன் பிறந்தவர்களுக்குக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும்.

தங்கையின் பிறந்த நேரம் வரை கழிந்தவை 4539.56 நாள்கள். லீப் ஆண்டுகளை மறவாதீர்கள்.

வெள்ளி: 4539.56 × 1.6021 = 7272.8. இதில் 20 சுற்றுகளை (7200) நீக்கினால் 72.8. அதனுடன் 181.98 கூட்ட, ஏறத்தாழ 255 பாகை.

புவி: 4539.56 × 0.9856 = 4474.2. இதில் 12 சுற்றுகளை (4320) நீக்கினால் 154.2. அதனுடன் 100.46 கூட்ட, இதுவும் ஏறத்தாழ 255 பாகை!

இரண்டும் சூரியனுக்கு ஒரே பக்கத்தில், ஒரே கோட்டில் உள்ளன. வானத்தில் கண்டதைக் கணக்கும் சொல்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கோள்கள் சீரான வேகத்தில் செல்வதாகக் கொண்டோம். உண்மையில் பாதை நீள்வட்டம். சூரியனை நெருங்கும்போது கோள் விரைகிறது, விலகும்போது தளர்கிறது. கெப்ளர் இதை 1609-இல் வெளியிட்டார். வெள்ளியின் பாதை ஏறத்தாழ வட்டமாதலால் பிழை ஒரு பாகைக்கும் குறைவு. புவிக்கு 2, வியாழனுக்கும் சனிக்கும் சுமார் 6, செவ்வாய்க்கு 11, புதனுக்கு 24 பாகை வரை பிழை நேரலாம். தாளில் வரைய இது போதும். அழியாத மையில் குத்துவதற்குப் போதாது! அதற்கு நாசாவின் ஜெட் புரோபல்ஷன் ஆய்வகம் அனைவருக்கும் இலவசமாகத் தரும் 'ஹொரைசன்ஸ்' கணிப்பைப் பார்க்க வேண்டும். அங்கும் "சூரியனை மையமாகக் கொண்டு" என்று கேட்க மறக்கக் கூடாது.

வரையும்போது கோணங்களைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் குறியுங்கள். வடக்கிலிருந்து பார்த்தால் கோள்கள் அப்படித்தான் சுற்றுகின்றன. தொலைவைச் சரியான அளவில் வரைவது கடினம். புதனுக்கு 1 செ.மீ. ஆரம் எடுத்தால் சனிக்கு ஏறத்தாழ 25 செ.மீ. வேண்டும்; கையில் இடமேது? ஆகவே வட்டங்களைச் சம இடைவெளியில் வரையலாம். கோணம் மட்டும் தவறக் கூடாது.

என் மாணவன் படத்தைத் திருத்தி வரைந்துவிட்டான். பச்சை குத்தும் நாளையும் தள்ளிப் போட்டிருக்கிறான். புதனை இன்னும் சரிபார்க்க வேண்டுமாம். உங்களுக்கு அந்த அவசரம் வேண்டாம். தாளும் பாகைமானியும் போதும். முதலில் இதைச் செய்து பாருங்கள்: 2003 ஆகஸ்டு 28 அன்று செவ்வாய், நம் வானில் சூரியனுக்கு நேர் எதிரே நின்றது. அன்று மாலை 5.30 மணிக்குக் கழிந்தவை 1335 நாள்கள். புவிக்கும் செவ்வாய்க்கும் கோணங்களைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் ஒன்றிரண்டு பாகைக்குள் நெருங்கி வந்தால் உங்கள் கணக்கு சரி. பிறகு உங்கள் பிறந்த நாளுக்குச் செல்லுங்கள்.