தலைநகர் புதைந்த தீவு: மொன்செராட் சுற்றுலா – ஓர் ஆய்வு

கரிபியன் தீவு என்றதும் வெண்மணற் கடற்கரையும் தென்னை மரங்களும்தாம் நம் மனக்கண்முன் தோன்றும். சுற்றுலா பற்றிய ஆய்வுக்காக நான் தேர்ந்தெடுத்த மொன்செராட் தீவிலோ வெண்மணற் கடற்கரை ஒன்றே ஒன்றுதான் உண்டு. மற்றவையெல்லாம் எரிமலை தந்த கருமணல். அப்படியிருந்தும் அங்கே மக்கள் செல்கின்றனர். எதைக் காணச் செல்கின்றனர் என்பதே என் கேள்வி.

மொன்செராட் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. பரப்பளவு 102 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எனலாம். ஆண்டிகுவாவிலிருந்து சிறு விமானத்தில் 20 நிமிடத்தில் சென்று சேரலாம். அந்த விமானம் இறங்கும் நிலையமும் 2005இல் திறக்கப்பட்ட புதியதுதான். பழைய நிலையத்தை எரிமலை கொண்டுபோய்விட்டது.

1995 ஜூலை 18ஆம் நாள் தீவின் தெற்கிலுள்ள சூஃப்ரியர் குன்றுகள் வெடிக்கத் தொடங்கின. தலைநகர் பிளிமத்திலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்; திரும்பினர்; மீண்டும் வெளியேற்றப்பட்டனர். 1996 ஏப்ரலுக்குப் பிறகு யாரும் அங்குக் குடியிருக்கவில்லை. 1997 ஜூன் 25 அன்று மலையிலிருந்து பாய்ந்து வந்த கொதிக்கும் சாம்பலும் வாயுவும் 19 உயிர்களைப் பலி கொண்டன. தடை விதிக்கப்பட்ட பகுதியில் தங்கள் பயிர்களைக் கவனிக்கச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிளிமத் எரிந்து சாம்பலில் புதைந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இன்று எஞ்சியிருப்போர் நான்காயிரத்துச் சொச்சம் பேர்தாம். தீவின் தென்பாதி இன்றும் தடை செய்யப்பட்ட பகுதியே.

இந்தத் தென்பாதிதான் சுற்றுப்பயணிகளை ஈர்க்கிறது. எரிமலை ஆய்வு மையத்தில் மலையின் வரலாற்றை அறிந்துகொள்ளலாம். கரிபால்டி குன்றிலிருந்து பிளிமத்தையும், ஜேக் பாய் குன்றிலிருந்து பழைய விமான நிலையம் இருந்த கிழக்குக் கரையையும் தொலைவிலிருந்தே பார்க்கலாம். பிளிமத்துக்குள் செல்ல வேண்டுமானால் முன்னனுமதியும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம் தேவை. அங்கே பல கட்டடங்களின் மேல்மாடிகள் மட்டுமே தரைக்கு மேலே தெரிகின்றன. ரிச்மண்ட் குன்றில் கைவிடப்பட்ட தங்கும் விடுதியின் நீச்சல் குளத்தில் சாம்பல் நிரம்பி, அதன்மேல் செடிகள் முளைத்துள்ளன.

பயண நூல்கள் பிளிமத்தைக் ‘கரிபியனின் பொம்பெய்’ என்கின்றன. இந்த ஒப்பீடு எனக்கு உடன்பாடானதன்று. பொம்பெய் நகரத்தார் மாண்டு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. பிளிமத்தில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் உயிர் தப்பி, பிரிட்டனிலும் அண்டைத் தீவுகளிலும் தீவின் வடபகுதியிலும் குடியேறினர். நாம் படம் பிடிக்கும் அந்த மேல்மாடி அவர்களுள் ஒருவருடைய படுக்கை அறையாக இருந்திருக்கும். தீவுக்கு வருவோரில் உறவினரைக் காண வரும் மண்ணின் மைந்தர்களும் கணிசமானவர்கள். தாம் படித்த பள்ளி இருந்த தெருவைப் பார்க்க அவர்களும் அதே அனுமதியைப் பெற்று, அதே வழிகாட்டியின் பின்னால்தான் நடக்க வேண்டும். சுற்றுப்பயணி யார், ஊர்க்காரர் யார் என்று நம் பாடநூல்கள் தெளிவாக வரையறுக்கின்றன. இவர்களை அவ்வரையறையில் எங்கே வைப்பது?

வடபகுதி பசுமையானது. நடு மலைக்காட்டு நடைபாதைகளில் அதிர்ஷ்டமிருந்தால் மஞ்சளும் கறுப்புமான தேசியப் பறவையைக் காணலாம். உலகில் வேறெங்கும் இயற்கையில் காண முடியாத பறவை அது. ‘மலைக்கோழி’ எனப்படும் பெரிய தவளையைக் காண்பதோ அரிது. கோழிக்கறியின் சுவை என்று சொல்லித் தின்றது போக எஞ்சியவற்றை, 2009இல் வந்த பூஞ்சை நோய் ஏறக்குறைய அழித்துவிட்டது. அந்த ஒரே வெண்மணற் கடற்கரையான ராந்தேவூ விரிகுடாவுக்குச் சாலை கிடையாது. படகில் போகலாம், அல்லது செங்குத்தான மலைப்பாதையில் நடக்கலாம். இசைப் பிரியர்கள் ஜார்ஜ் மார்ட்டின் 1979இல் திறந்த ஒலிப்பதிவுக் கூடத்தைப் பற்றிக் கேட்பார்கள். 1989இல் ஹியூகோ புயல் சிதைத்தபின் அது மூடப்பட்டுவிட்டது.

உணவில் குறிப்பிடத்தக்கது ‘ஆட்டு நீர்’. பெயரில் நீர் இருந்தாலும் அது கிராம்பு மணக்கும் ஆட்டிறைச்சிக் குழம்பு. நம்மூர் ஆட்டு சூப் பிரியர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

மார்ச் 17, புனித பேட்ரிக் நாள், இங்குப் பொது விடுமுறை. அயர்லாந்துக் குடியேறிகளின் நினைவு அதில் உண்டு. கடப்பிதழில் பதிக்கும் முத்திரையிலும் அயர்லாந்தின் மூவிலைச் சின்னமே இருக்கிறது. எனினும் தீவு மக்கள் அந்நாளில் நினைவுகூர்வது வேறொன்றையும். 1768இல் அதே நாளில், எசமானர்கள் குடித்துக் களித்திருக்கும் வேளையில் கிளர்ந்தெழ அடிமைகள் திட்டமிட்டனர். செய்தி கசிந்தது, ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். இன்று விழா ஒரு வாரத்துக்கும் மேல் நடைபெறுகிறது. அச்சமயத்தில் செல்ல விரும்புவோர் விமான இருக்கையையும் தங்குமிடத்தையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பி வருவோர் அப்போதுதான் அதிகம்.