பூவின் வேளை: இளஞ் சித்திரக்காரன் ஒருவனுக்குக் கடிதம்

சிரஞ்சீவி தம்பிக்கு,

நீ அனுப்பியிருந்த புஷ்பச் சித்திரங்களைப் பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும் விளக்கொளியில் ஒரு முறையுமாக நிதானமாய்ப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். உன்னைப் போலவே வேறு சில பிள்ளைகளும் தம் படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதால், உனக்கு எழுதும் பதிலைப் பத்திரிகையிலே அச்சிடுவதற்கும் சம்மதித்திருக்கிறேன். உனக்கு அதில் ஆட்சேபம் இராது என்று நம்புகிறேன்.

உன் கை நல்ல கை. பள்ளிக்கூட நாளிலேயே எனக்கு அதில் சந்தேகமில்லை. செம்பருத்தியின் மகரந்தத் தண்டு இதழ்களைத் தாண்டி நீண்டு நிற்கும் ஒயிலையும், நந்தியாவட்டையின் இதழ் ஓரம் ஒரு பக்கமாய்ச் சுழலும் வளைவையும், கத்தரிப்பூவின் ஊதா நரம்போடு ஓடி ஓரத்தில் வெளிறிப்போகும் நுட்பத்தையும் இந்த வயதில் பிடித்துவிட்டாய் என்பது சாமானியமான காரியமல்ல. ஆனால் நீ கேட்டது என் அபிப்பிராயத்தை. ஆகையால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பூக்கள் எதிலும் வேளை இல்லை. காலையா, மத்தியானமா, அந்தியா என்று கேட்டால் ஒரு படமாவது வாய் திறக்கக் காணோம். காம்போடு கிள்ளி வந்து, தம்ளர்த் தண்ணீரில் நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதியவை அவை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. அந்த ஜன்னலுக்கு வெளியே உன் வீட்டுக் கொல்லை இருக்கிறது, மாதமோ சித்திரை, உனக்கோ கோடை விடுமுறை. கொல்லையிலே போய் உட்கார் என்பதுதான் நான் சொல்லப்போவதன் சாரம்.

ரங்கையாவையும் கோவிந்துவையும் மானசிக குருமார்களாக வரித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். தகுந்த குருமார்களே. கம்பெனி சர்க்காரின் வைத்தியராக இந்நாட்டுக்கு வந்து தாவர சாஸ்திரத்தில் மூழ்கிப்போன ராபர்ட் வைட் என்பவரிடம் ஒருவர் பின் ஒருவராகச் சித்திரக்காரர்களாய் அமர்ந்த அவ்விருவரும் எழுதிக் குவித்த படங்களே, 1838 முதல் 1853 வரை சென்னையிலிருந்து ஆறு பாகங்களாக வெளிவந்த 'ஐகோனெஸ்' என்ற பெருநூலின் 2,101 படத்தாள்களில் பெரும்பகுதிக்கு ஆதாரம். ஆர்க்கிட் வகையில் ஓர் இனத்துக்குக் 'கோவிந்தூயா' என்று வைட் துரை பெயரிட்டார் என்றால், எஜமானனுக்கு அந்தக் கையின்மேல் இருந்த மதிப்பு எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படத்தாள்களில் பூ வெள்ளைக் காகிதத்தின் நடுவே தன்னந்தனியாக நிற்கிறது. பக்கத்தில் சூலகத்தின் குறுக்கு வெட்டும் விதையின் நெடுக்கு வெட்டும் இருக்கின்றன. ஒரு தேனீயையாவது காணோம். ஒரு செடியை மற்றொரு செடியினின்று பிரித்தறிவதற்கென்று உத்தரவு பெற்று எழுதிய படங்கள் அவை; அந்த உத்தரவுக்குத் தேனீயும் வேண்டியதில்லை, நேரமும் வேண்டியதில்லை. அவர்களுக்கு எஜமானன் இருந்தான், தம்பி. உனக்கு இல்லை. அவர்களுடைய கைத்திறனை எடுத்துக்கொள். அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையையும் சேர்த்து ஏன் சுமக்கிறாய்?

கிழக்கு வெளுக்குமுன்பே வேலியிலே படர்ந்த பூசணிக்கொடியில் பூ விரியத் தொடங்கிவிடும். மார்கழிக் கோலத்தின் நடுவே சாணி உருண்டைமேல் அதைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, கொடியில் இருக்கையில் அதற்கு எவ்வளவு அவசரமான வாழ்வு என்பது தெரிவதில்லை. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சு முன்னதாகவே உருண்டு நின்றாலும், ஆண்பூவின் மகரந்தம் வந்து சேராத பட்சத்தில் அது சில நாளில் மஞ்சளித்து உதிர்ந்துபோகும். அந்த மகரந்தமோ காற்றில் எழும்பாத, பிசுபிசுப்பான, கனத்த தூள். ஆகவே வெயில் உச்சிக்கு ஏறி இதழ் சுருங்குவதற்குள் அதை யாராவது சுமந்து வந்தாகவேண்டும். விடிந்ததும் விடியாததுமாக நீ வேலியோரம் போய் நின்றால், தேனீ ஒன்று பூவின் அடிவரை தலைகுப்புற இறங்கி, முதுகும் காலும் மஞ்சள் படிய வெளியே வந்து, இதழ் விளிம்பில் சற்று நின்று, உடம்பைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கிளம்புவதைக் காணலாம். முற்பகல் கழிவதற்குள் அதே பூ துவண்டு வாயை மூடிக்கொண்டுவிடும். உன்னுடைய பூசணிப்பூ இந்த இரண்டு நிலைகளுள் எது?

அப்புறம் வேம்பு. பங்குனியில் அரும்பு கட்டிச் சித்திரையில் கொள்ளாமல் பூத்து நிற்கும் மரத்தடியில் காலையில் நின்றால் இரைச்சல் தலைக்குமேலே கேட்கிறது. உற்றுப் பார்த்தால்தான் அத்தனை சின்னப் பூவுக்கு அத்தனை கூட்டம் என்பது விளங்கும். வருஷப் பிறப்பன்று பச்சடிக்கென்று நாம் உலுக்கிச் சேர்ப்பது அந்தக் கூட்டத்துக்குப் போக மிஞ்சியதைத்தான். வெயில் ஏறிய பிறகு தொட்டியிலுள்ள பத்துமணிப் பூ விரியும். உச்சிவேளையில் கொல்லை முழுவதும் ஓய்ந்துபோனதாகத் தோன்றும். அப்போது கிணற்றடிக்குப் போ. துவைக்கிற கல்லின் ஈரத்தில் தேனீக்கள் வரிசையாய் உட்கார்ந்து நீர் உறிஞ்சிக்கொண்டிருக்கும். தாகம் மட்டும் காரணமல்ல. கூட்டிலே குஞ்சுகள் வளரும் இடத்தை ஏறக்குறைய 35 டிகிரி உஷ்ணத்திலேயே அவை காத்துவரவேண்டும். ஆகவே கொண்டுபோன நீரை அடையின்மேல் மெல்லிதாகப் பரப்பி, சிறகால் விசிறி, ஆவியாக்கி, கூட்டைக் குளிரச் செய்கின்றன. அகலமான மண்தட்டு ஒன்றில் கூழாங்கற்களைப் பரப்பி, அவற்றின் தலை நனையாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வை. வெறும் வாளியில் வைத்தால் விழுந்து சாகும்.

பிற்பகல் சாயும்போது அந்திமந்தாரை அவிழும். பொழுது மங்குகையில் பீர்க்கு தன் மஞ்சளையும், அதன்பின் சுரை தன் வெள்ளையையும் விரிக்கும். அந்தச் சுரைப்பூவுக்கு வரும் விருந்தாளி தேனீயல்ல, இரவில் பறக்கும் விட்டில். மல்லிகைக்கும் இருட்டுத்தான் வேளை. உன் தாயார் அதை மொட்டாகவே பறித்துத் தொடுத்து, தலையில் வைத்தபிறகு அவிழும்படி கணக்கிடுகிறார்களே, அந்த வேளை ஞானம் உன் படங்கள் எதிலும் இல்லாத ஞானம்.

மேல்நாட்டார் இதை விளையாட்டாகத் தொடங்கிச் சாஸ்திரமாக முடித்தார்கள். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1751-இல் வெளியிட்ட தம் நூலில், இன்ன பூ இன்ன மணிக்கு விரியும், இன்ன மணிக்குக் கூம்பும் என்று அட்டவணை எழுதி, பூக்களாலேயே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்றார். அவருடைய அட்டவணை அவருடைய வடதேசத்துக் கோடைக்கு; உன் ஊர்க் கொல்லைக்கு அது உதவாது, நீதான் எழுதிக்கொள்ளவேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தமானது ஸ்விட்சர்லாந்து தேசத்து வைத்தியர் ஆகஸ்ட் ஃபோரெல் கண்ட விஷயம். கோடையில் வீட்டுக்கு வெளியே மேஜை போட்டுக் காலை ஆகாரம் உண்ணும்போது, பழப்பாகைத் தேடித் தேனீக்கள் வந்து மொய்ப்பதை அவர் கவனித்தார். பின்பு மேஜையில் பாகு இல்லாத நாளிலும், அதே வேளைக்கு அவை வந்து தேடிவிட்டுப் போயின. வேறொருவராயிருந்தால் விரட்டிவிட்டு ரொட்டியைத் தின்றிருப்பார். இவற்றுக்கு நேரம் நினைவிருக்கிறதோ என்று அவர் யோசித்தார். 1929-இல் ம்யூனிக் நகரத்தில், கார்ல் ஃபான் ஃப்ரிஷ் என்ற பேராசிரியரிடம் படித்த இங்கபோர்க் பேலிங் என்ற பெண்மணி, தேனீக்களின் முதுகில் வர்ணப் புள்ளி இட்டு அடையாளம் வைத்து, குறித்த நேரத்தில் மாத்திரம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கி, பிறகு ஒரு நாள் வெறும் கிண்ணத்தை வைத்துக் காவலிருந்து பார்த்தார். அவை பெரும்பாலும் பழகிய அந்த நேரத்தை ஒட்டியே வந்தன. பூவுக்கும் வேளை உண்டு, தேனீக்கும் அது மனப்பாடம். சித்திரக்காரன் ஒருவனுக்கு மட்டும் எல்லா நேரமும் ஒன்றாயிருந்தால் எப்படி?

வேளை தெரிந்தால் விருந்தாளி தெரியும். விருந்தாளி தெரிந்தால் பூவின் அங்கங்கள் அப்படி அமைந்திருப்பதன் காரணம் தெரியும். நீ எழுதியிருக்கும் கத்தரிப்பூவையே எடுத்துக்கொள். நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தப் பைகளை வாய் பிளந்தாற்போல் எழுதிவிட்டாய். அவை பிளப்பதில்லை. நுனியில் சிறு துவாரம் மட்டும் திறக்கும். பூவில் தேனும் கிடையாது. மகரந்தம் வேண்டுமானால் பையை அதிர வைத்து உதிர்க்கவேண்டும். கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. உத்தரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் குடியிருக்கும் கருவண்டுக்கும், வயிற்றைச் சுற்றி நீலக் கோடுகள் ஓடும் ஒரு சிறு தேனீக்கும் தெரியும். அவை பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டு உடம்பை நடுக்கும்போது, பறக்கையில் கேட்கும் ரீங்காரம் திடீரென்று ஸ்தாயி உயர்ந்து ஒலிக்கும், தூள் கொட்டும். ஊருக்கு வெளியே ஆவாரம்பூவிலும் இதே கச்சேரிதான். காதால் இதை ஒரு தரம் கேட்டுவிட்டாயானால், அந்தப் பையின் நுனியை இனிமேல் தவறாக எழுதமாட்டாய்.

ரோஜா இலைக்கு வருகிறேன். விளிம்பில் அரைவட்டமாக வெட்டுண்ட இலைகளை உன் படத்தில் நேர்செய்து, முழு இலையாக எழுதியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். கோடையில் ரோஜாச் செடியில் இத்தனை இலைகள் பின்னமில்லாமல் இருப்பது அபூர்வம். கத்தரித்தது புழுவல்ல, இலைவெட்டும் தேனீ. தனியாக வாழும் அந்தப் பிராணி, நீள்துண்டுகளால் குழாயின் சுவரும் வட்டத் துண்டுகளால் மூடியும் அமைத்து, உள்ளே மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது. இலை கெட்டுவிட்டதென்று மருந்து தெளிக்கிறவர்களோடு எனக்கு நெடுநாள் மனஸ்தாபம் உண்டு. இலையில் ஒரு துண்டு குறைந்தால் செடி செத்துவிடாது. மருந்தினால் அந்த வட்டாரத்துத் தேனீ செத்துவிடும். வெட்டுண்ட இலையை வெட்டுண்டபடியே எழுது.

வர்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேனீக்கு நிறம் தெரியும் என்பதை, சாம்பல் நிற அட்டைகள் நடுவே நீல அட்டை வைத்துப் பழக்கி 1914-இலேயே நிரூபித்தவர் அதே ஃபான் ஃப்ரிஷ். பிற்காலத்தில், 1973-இல், அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நாம் காணும் சிவப்பு தேனீக்குத் தெரியாது. நமக்குத் தெரியாத, ஊதாவுக்கும் அப்பாற்பட்ட ஒளி அதற்குத் தெரியும். நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் இதழ்கள் சிலவற்றில் அது வேறு கோலம் காண்கிறது. அந்தக் கோலத்தை எழுதும் வர்ணம் எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆனாலும் உன் செம்பருத்தியின் சிவப்பு யாரை அழைப்பதற்காக என்று யோசித்துப் பார். தேன்சிட்டு உன் வீட்டுக்கும் வரும்.

தேனீ ஓரிடத்தில் நிற்காதே, எப்படி எழுதுவது என்று கேட்பாய். நிற்கும் வேளையும் உண்டு. நான் சொன்ன நீலக் கோட்டுத் தேனீயின் ஆண்கள், சாயங்காலம் ஆனதும் ஏதாவதொரு மெல்லிய காய்ந்த தண்டில் வரிசையாய் வந்தமர்ந்து, தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு இரவெல்லாம் அப்படியே உறங்கும். பெரும்பாலும் தினமும் அதே தண்டுக்கே வரும். விடியற்காலையில், வெயில் படுமுன் போனால், எத்தனை நேரம் வேண்டுமானாலும் அசையாமல் கொலுவிருக்கும். மாமரத்திலோ எலுமிச்சையிலோ கொம்புத்தேன் கட்டியிருந்தால், திரைபோல் அடையை மூடியிருக்கும் தேனீக்களைத் தள்ளி நின்று எழுதலாம். எறும்பு வராதபடி கிளையின் இருபுறமும் அவை பூசியிருக்கும் பிசின் வளையத்தையும் விட்டுவிடாதே. பழஞ்சுவர் இடுக்கில் கொசுத்தேன் குடியிருந்தால் இன்னும் சௌகரியம். கொட்டாது, பிசினால் கட்டிய குழாய் வாசலும் எப்போதும் அங்கேயே இருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, நோட்டுப் புத்தகமும் கடிகாரமுமாய்க் கொல்லையில் உத்தியோகம் பார்க்கத் தொடங்கிவிடாதே. எனக்குத் தெரிந்த நல்ல சித்திரங்கள் எல்லாம், காகிதம் கையில் இல்லாமல் வீணாய்க் கழித்ததாகப் பிறர் சொல்லும் பொழுதுகளில் விதை ஊன்றியவைதான். முருங்கை நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, மோர் குடித்துவிட்டு, கண் அரைவாசி மூடியபடி வண்டின் சப்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கும் மத்தியானம் ஒரு சித்திரக்காரனுக்கு நஷ்டக் கணக்கல்ல. உன் வயதிலே கோடை நீளமாக இருக்கிறது. உத்தியோகம் வந்தபின் அது சுருங்கிவிடும். வீட்டில் யாராவது 'சும்மா கிடக்கிறானே' என்று சொன்னால், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொள்; காலை, மாலை இரு வேளையும் கொல்லையில் இருப்பதற்கு அதைவிட மரியாதையான முகாந்தரம் கிடையாது.

அடுத்தாற்போல் செம்பருத்தி, ரோஜா ஒன்றும் அனுப்பவேண்டாம். உன் வேலியிலுள்ள ஒரே பூசணிப்பூவை, கொடியிலிருந்து பறிக்காமல், விடியும்போதும், வெயில் ஏறும்போதும், கூம்பும்போதும் எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் மணியைக் குறித்து, வந்தது யார் என்பதையும் எழுதி அனுப்பு. காகிதம் பெரிதாக வேண்டாம்; தபால் கூலி அதிகமாகிறது.

இப்படிக்கு,
உன் பழைய டிராயிங் வாத்தியார்