மேற்கு லில்லி: முக்கியக் குறிப்புகள்

(சுற்றுச்சூழல், தாவரவியல் பகுதிகளுக்கு)

தேர்வில், அரிய தாவரத்தைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, "வேலியிட்டு மேய்ச்சலை முற்றிலும் தடுத்தல்" என்று ஒரு விடையும் கொடுத்துவிட்டால், நம்மில் பலர் மற்ற மூன்றைப் படிக்கக்கூட மாட்டோம். அமெரிக்காவின் பசிபிக் கரையோரச் சதுப்பில் வளரும் மேற்கு லில்லியைப் படித்த பிறகு அந்த வேகம் சற்றுக் குறையும். பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டு அந்த இடத்துக்கு வருவோம்.

அடிப்படைத் தகவல்கள்

• அறிவியல் பெயர்: லிலியம் ஆக்சிடென்டேல். குடும்பம்: லில்லியேசி. ஒருவிதையிலைத் தாவரம்.

• 1897-இல் விவரித்துப் பெயரிட்டவர் கார்ல் பர்டி. கலிபோர்னியாவின் யுகையா ஊர்க்காரர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், காட்டு மலர்க் குமிழங்களை விற்ற வியாபாரி. பிற்காலத்தில் இந்தச் செடியின் ஆபத்துப் பட்டியலில் 'குமிழத் திருட்டு' என்ற வரியும் சேர்ந்துகொண்டதை இதோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

• பரவல்: ஓரிகன் மாநிலத்தின் கூஸ் விரிகுடாப் பகுதி முதல் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் மாவட்டம் வரை. நீளம் ஏறக்குறைய 320 கி.மீ. கடற்கரையிலிருந்து உள்ளே சில கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. வரைபடத்தில் இது ஒரு நூல்போன்ற பட்டை. அந்தப் பட்டையிலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

• உயரம் சுமார் 1.5 மீ. வரை. பூக்கும் காலம் பெரும்பாலும் ஜூன், ஜூலை.

• தலைகீழாகத் தொங்கும் சிவப்புப் பூ. ஆறு பூவிதழ்களும் பின்னோக்கி வளைந்திருக்கும். நடுப்பகுதி பச்சை அல்லது மஞ்சளாக, நட்சத்திர வடிவில் தெரியும், கரும்புள்ளிகள் உண்டு. அக்கரையின் மற்ற லில்லிகளில் மகரந்தத்தாள்கள் குடைக்கம்பிபோல விரிந்து நிற்க, இதில் அவை சூலகத்தண்டை ஒட்டியே நிற்கும். களத்தில் அடையாளம் காண உதவுவது இந்தக் குறிப்புதான்.

• லிலியம் பேரினத்துக்குப் பொதுவானவை: ஆறு மகரந்தத்தாள்கள், மேல்மட்டச் சூற்பை, மூன்று அறைகள், வெடிகனி, இருமடியக் குரோமோசோம் எண்ணிக்கை 24.

• வெங்காயக் குமிழத்தை உலர்ந்த சருகு மூடியிருக்கும். லில்லிக் குமிழத்துக்கு அந்த உறை கிடையாது. செதில்கள் வெளியே தெரியும். தோண்டி எடுத்து வெளியில் போட்டால் சீக்கிரம் வாடிவிடும்.

மகரந்தச்சேர்க்கை

முக்கிய மகரந்தச்சேர்ப்பி ஹம்மிங் பறவை. பறவைவழி மகரந்தச்சேர்க்கைக்கு 'ஆர்னித்தோஃபிலி' என்று பெயர். சிவப்பு நிறம், நிறையத் தேன், உட்கார இடமில்லாமல் கீழ்நோக்கித் தொங்கும் பூ: அந்தரத்தில் நின்று தேன் குடிக்கத் தெரிந்த பறவைக்கு இது பொருத்தம். இந்தியாவில் ஹம்மிங் பறவை இல்லை. இன்று அவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. நம் தோட்டத்துத் தேன்சிட்டு முற்றிலும் வேறு குடும்பம். இரண்டையும் குழப்பும் வினா எங்கிருந்தாவது வந்துகொண்டேதான் இருக்கும்.

விதைகள் காற்றில் பரவுகின்றன. ஆனால் வெகுதூரம் போவதில்லை, தாய்ச்செடியின் பக்கத்திலேயே விழுந்துவிடுகின்றன. ஒரு சதுப்பில் அழிந்தால் பக்கத்துச் சதுப்பிலிருந்து தானாக வந்து சேர வழியில்லை.

வாழிடம்

இதை ஊன்றிப் படிக்கவும். 'சதுப்புத் தாவரம்' என்றதும் நீருக்குள் நிற்கும் செடி என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கு லில்லி வளர்வது சதுப்பின் ஓரத்தில்: ஸ்பேக்னம் பாசி படர்ந்த சதுப்புகளின் விளிம்பு, கடலோரப் புல்வெளி, புதர்க்காட்டின் இடைவெளி, மழைக்காலக் குட்டைகளின் கரை. அடியில் நீரை இறங்கவிடாத களிமண்ணோ இரும்புப் படிவ அடுக்கோ இருப்பதால் மேல்மண் ஈரமாகவே இருக்கும்.

சதுப்புநில வகைகளைப் பொருத்துக வினாவுக்காக இங்கேயே பிரித்துக்கொள்ளலாம். மழைநீரையே நம்பி, அமிலத்தன்மையோடு, ஸ்பேக்னம் நிறைந்திருப்பது பாக். நிலத்தடி நீர் ஊறி வருவது ஃபென். புல், கோரை மிகுந்தது மார்ஷ். மரங்கள் நிற்பது ஸ்வாம்ப்.

வேலி போட்டும் ஏன் குறைந்தது?

ஒரு சதுப்பு என்றைக்கும் சதுப்பாக இருப்பதில்லை. பாசி படர்ந்து, கோரை வந்து, புதர் ஏறி, கடைசியில் காடாகிவிடும். பாடநூல்கள் இதைத்தான் தாவர வழிமுறை வளர்ச்சி என்கின்றன. மேற்கு லில்லிக்கு வேண்டியது இந்தப் பயணத்தின் நடுக்கட்டம். கொஞ்சம் புதர் இருந்தால் இளந்தண்டுக்குத் துணையாகும், மான்களிடமிருந்து மறைவும் கிடைக்கும். புதர் தலைக்கு மேல் அடர்ந்து, சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களும் எழுந்துவிட்டால் வெயில் போய்விடும், பூப்பது நின்றுபோகும்.

முன்பு அந்த நடுக்கட்டத்தைத் தக்கவைத்தவை தீயும் மேய்ச்சலும். அப்பகுதியின் பூர்வகுடிகள் கரையோரப் புல்வெளிகளுக்குத் தீயிட்டுத் திறந்தவெளியாக வைத்திருந்தார்கள். எல்க் மான்கள் மேய்ந்தன. குடியேறிகள் வந்தபின் தீயிடுதல் நின்றது. மாடுகள் அந்த வேலையை ஓரளவு செய்தன, கூடவே செடிகளை மிதிக்கவும் செய்தன.

ஹம்போல்ட் விரிகுடாவுக்குத் தெற்கே டேபிள் பிளஃப் என்ற இடத்தில் லில்லிக்காகச் சூழல் காப்பிடம் அமைத்து மாடுகளை வெளியேற்றினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் புதர் மண்டியது, லில்லி குறைந்தது. பிறகு மாடுகளை மீண்டும் உள்ளே விட வேண்டியிருந்தது, இம்முறை காலக் கட்டுப்பாட்டோடு. குளிர்காலத்தில் தண்டு மடிந்து செடி மண்ணுக்குள் உறங்கும்போது மேய்ச்சல் தீங்கு செய்யாது. இளவேனிலில் தளிர் எழும்பும்போது மாடு நின்றால் தளிரே போய்விடும். ஆக, மேய்ச்சல் இருக்கலாமா கூடாதா என்று கேட்பதைவிட எப்போது, எவ்வளவு என்று கேட்பதுதான் இங்கே பொருந்தும். முதன்மைத் தேர்வில் மேலாண்மை பற்றி எழுத இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

மற்ற அச்சுறுத்தல்கள்: சதுப்பை வடித்துக் கிரான்பெரி தோட்டம் போடுதல் (ஓரிகன் கரையில் பேண்டன் ஊர் இதற்குப் பெயர்பெற்றது), வீட்டுமனைகள், சாலைப்பணி, குமிழத் திருட்டு, மான் கடித்தல்.

சட்டம்

• அமெரிக்க அழியும் நிலை உயிரினச் சட்டம்: 1973.

• மேற்கு லில்லி அச்சட்டத்தின்கீழ் 'அழியும் நிலை' என்று பட்டியலிடப்பட்டது 1994 ஆகஸ்டில். மீட்புத் திட்டம் 1998. கலிபோர்னியா மாநிலம் தன் பட்டியலில் அதற்கு முன்பே, 1982-இல், சேர்த்திருந்தது.

• செயல்படுத்தும் அமைப்பு: நிலவாழ், நன்னீர் உயிரினங்களுக்கு அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குப் பணித்துறை.

• விலங்குக்கும் தாவரத்துக்கும் இச்சட்டம் தரும் பாதுகாப்பு ஒன்றல்ல. பட்டியலில் உள்ள விலங்கை யாருடைய நிலத்தில் கொன்றாலும் குற்றம். தாவரத்துக்கு நேரடித் தடை முக்கியமாக மத்திய அரசின் நிலத்தில்தான். தனியார் நிலத்தில், மாநிலச் சட்டத்தையோ அத்துமீறல் சட்டத்தையோ மீறினால்தான் மத்தியச் சட்டம் நுழையும். நிலத்துக்குச் சொந்தக்காரரே பிடுங்கினால் பெரும்பாலும் கேள்வியில்லை.

• ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியல் வேறு, இது வேறு. சிவப்புப் பட்டியலுக்குத் தானாகச் சட்ட வலு கிடையாது.

குழப்பும் பெயர்கள்

• அல்லி: நிம்ஃபியேசி. தாமரை: நீலம்போனேசி. இரண்டும் லில்லியேசி அல்ல.

• செங்காந்தள் (தமிழ்நாட்டின் மாநில மலர்): பெந்தம்–ஹூக்கர் முறையில் லில்லியேசி, இன்றைய வகைப்பாட்டில் கோல்ச்சிகேசி. வெங்காயமும் இப்படி அமரில்லிடேசிக்குப் போய்விட்டது. எந்த முறைப்படி என்று வினாவில் பார்த்துவிட்டு விடை எழுதவும்.

• சிரூய் லில்லி: லிலியம் மேக்லினியே. மணிப்பூரின் மாநில மலர், உக்ருல் மாவட்டம். இது உண்மையான லிலியம்தான், ஆனால் மலைச்சரிவுச் செடி. 1946-இல் இதை அறிவியல் உலகுக்குக் கொண்டுவந்த கிங்டன்-வார்டின் மனைவி ஜீன் மேக்லினின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

• கோப்ரா லில்லி: டார்லிங்டோனியா. மேற்கு லில்லி வளரும் அதே வட்டாரத்துச் சதுப்புகளில் உள்ள பூச்சியுண்ணும் குடுவைத் தாவரம், சாரசீனியேசி.

• பிட்கின் சதுப்பு லில்லி: கலிபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில் மட்டும் வளரும் லிலியம் பார்டலினம் துணைச்சிற்றினம். இதுவும் சிவப்பு, இதுவும் சதுப்பு, இதுவும் 'அழியும் நிலை'. பட்டியலிட்ட ஆண்டு மட்டும் 1997.