வீட்டுக்கு விலை கேட்கும் முன் ஒரு ஒர்க்‌ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் தொகுப்பை மளிகைக் கணக்கு எழுதுவதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கும்போது அது எவ்வளவு கை கொடுக்கும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பையே பயன்படுத்தலாம்.

தரகர் இல்லாமல் உரிமையாளரிடமே நேரடியாக வீடு வாங்கினால் தரகுப் பணம் மிச்சம். ஆனால், "இந்த விலை சரிதானா, என்னால் முடியுமா?" என்று கணக்குப் போட்டுச் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை. அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து விடுவோம். சென்னைப் புறநகரில் நான் அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு விலை கேட்டபோது போட்ட கணக்கையே இங்கு எடுத்துக் கொள்கிறேன். உரிமையாளர் சொன்ன விலை 62 லட்சம். என் கையில் இருந்தது 17 லட்சம்.

முதலில் விவரம் சேகரியுங்கள்

தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணைய தளத்திற்குச் செல்லுங்கள். அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பை அங்கே பார்க்கலாம். வில்லங்க விவரத்தையும் தேடலாம். வில்லங்கச் சான்றில் பதிவு செய்யப்பட்ட பரிமாற்றங்கள் மட்டுமே இருக்கும். எனவே மூலப் பத்திரங்களையும் கேட்டு வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுவது அவசியம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். (2023க்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது.) வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இது கணக்கிடப்படும்.

கடன் தொகை 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரை என்றால், வீட்டு விலையில் 80 சதவீதம் வரைதான் வங்கிகள் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரச் செலவை இந்த விலையோடு சேர்க்க மாட்டார்கள். அதாவது மீதி 20 சதவீதமும் பத்திரச் செலவும் முழுக்க உங்கள் பையிலிருந்துதான் வர வேண்டும். பலர் திண்டாடுவது இந்த இடத்தில்தான்.

ஒர்க்‌ஷீட் தயாரித்தல்

ஏ நெட்டு வரிசையில் பெயர்களையும், பி நெட்டு வரிசையில் தொகைகளையும் டைப் செய்யுங்கள். செல் பெயர்களையும் ஃபார்முலாக்களையும் ஆங்கில எழுத்தில்தான் அமைக்க வேண்டும்.

பி1: கேட்கும் விலை – 6200000
பி2: வழிகாட்டி மதிப்பு – 4800000
பி3: வங்கிக் கடன் – =பி1*80%
பி4: பத்திரச் செலவு – =மேக்ஸ்(பி1,பி2)*9%
பி5: வழக்கறிஞர், பெயிண்ட், இதர செலவு – 75000
பி6: சேமிப்பு – 1700000
பி7: மீதி – =பி6+பி3-பி1-பி4-பி5

என்டர் தட்டியதும் பி7 செல்லில் மைனஸ் 1,73,000 என்று வரும். அதாவது 62 லட்சத்திற்கு ஒப்புக் கொண்டால் 1.73 லட்சம் துண்டு விழும். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

கோல் சீக் செய்யும் மாயம்

அப்படியானால் எவ்வளவுக்குக் கேட்கலாம்? ஒவ்வொரு விலையாக மாற்றிப் பார்க்கத் தேவையில்லை. எக்ஸெல்லில் டேட்டா டேபைத் தேர்ந்தெடுத்து, வாட் இஃப் அனாலிசிஸ் என்பதில் கோல் சீக் கிளிக் செய்யுங்கள். கால்க் என்றால் டூல்ஸ் மெனுவில் இது கிடைக்கும். வரும் டயலாக் பாக்ஸில் முதல் கட்டத்தில் பி7, இரண்டாவதில் 0, மூன்றாவதில் பி1 என்று கொடுத்து ஓகே கிளிக் செய்யுங்கள். "மீதி பூஜ்யம் ஆக வேண்டும், அதற்கு விலை என்னவாக இருக்க வேண்டும்?" என்பதே நாம் கேட்ட கேள்வி. பதில் 56,03,448 ரூபாய். இதுதான் உச்ச வரம்பு.

மாதத் தவணையையும் பார்த்து விடுங்கள். பி8 செல்லில் =பிஎம்டி(8.5%/12,240,-பி3) என அமையுங்கள். 8.5 என்ற இடத்தில் உங்கள் வங்கி சொல்லும் வட்டியை இடுங்கள். 240 என்பது 20 ஆண்டுகளுக்கான மாதங்கள். 56 லட்ச ரூபாய் விலைக்குத் தவணை ஏறத்தாழ 38,880 ரூபாய் வரும். வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பிப் பார்க்கும். அவர் விலையைக் குறைத்து மதிப்பிட்டால் கடனும் குறையும். அதனால் இந்தக் கணக்கைக் கடைசிக் காசு வரை நம்பி விடாதீர்கள்.

கடிதமாகக் கொடுங்கள்

வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் வேர்ட் அல்லது ரைட்டரில் ஒரு பக்கக் கடிதம் தயாரித்து, பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள். அதில் இவை இருக்கட்டும்:

1. தரும் விலை, முன்பணம், மீதி தரும் நாள்.
2. பத்திரங்கள் சரி என்று வழக்கறிஞர் சொல்லி, வங்கிக் கடனும் கிடைத்தால் மட்டுமே வாங்குவோம் என்ற நிபந்தனை. இல்லையெனில் முன்பணம் திரும்ப வர வேண்டும்.
3. சொத்து வரி, மின் கட்டணம், பராமரிப்புக் கட்டண பாக்கியை உரிமையாளர் தீர்த்துத் தர வேண்டும் என்பது.
4. வீட்டோடு விட்டுச் செல்லும் அலமாரி, மின்விசிறி போன்றவற்றின் பட்டியல்.
5. இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பது.
6. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் 1 சதவீதம் வருமான வரி பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டுவோம் என்ற தகவல். இது கூடுதல் செலவு அல்ல, உரிமையாளருக்குத் தரும் தொகையிலிருந்தே கழிப்பது. முன்பே சொல்லி விட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது. (விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விதி வேறு. ஆடிட்டரைக் கேளுங்கள்.)

முன்பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். வீடு, நிலம் விற்பவர் முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் முதல் தடை உள்ளது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

பேரம் நடக்கும்போது

நான் 54 லட்சத்தில் தொடங்கினேன். உரிமையாளர் படிப்படியாக இறங்கி, "57க்குக் கீழே முடியாது தம்பி" என்றார். பி1 செல்லில் 57 லட்சம் என்று மாற்றினேன். மீதி மைனஸ் 28,000 காட்டியது. இதர செலவில் பெயிண்டுக்கென ஒதுக்கியது 40,000 ரூபாய். அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி பி5 செல்லை 35,000 ஆக்கியதும் மீதி பிளஸ் 12,000 ஆனது. தவணை சுமார் 39,570. சம்மதம் சொல்லி விட்டேன். அவர் 58 என்று நின்றிருந்தால் வணக்கம் சொல்லி எழுந்து வந்திருப்பேன். அந்தத் துணிவைத் தந்தது ஏழே வரி ஒர்க்‌ஷீட்தான்.

ஃபைலைச் சேவ் செய்து வையுங்கள். அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும்போது பி1, பி2 இரண்டை மட்டும் மாற்றினால் போதும்.