மருத்துவமனைக்கு வெளியே ஆகும் செலவு

குண்டலுபேட்டையைச் சுற்றிச் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பூத்திருக்கும் வயல்களில், ஊட்டிக்குச் செல்வோர் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பர். அவ்வயல்களில் உழைப்பவருக்கு இதய நோய் கண்டால், பெரும்பாலும் 60 கி.மீ. தொலைவிலுள்ள மைசூருவையே நாட வேண்டியுள்ளது.

இத்தகையோருக்காகக் கர்நாடகத்தில் 2003 ஜூன் மாதம் யசஸ்வினி திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதய மருத்துவர் தேவி ஷெட்டியின் முனைப்பில் உருவான இதில், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஆண்டுக்குச் செலுத்தியது 60 ரூபாய். மாதத்திற்கு 5 ரூபாய்தான். தொகையின் சிறுமையைவிட, வசூலித்த வழியே வங்கியாளராகிய எங்கள் கருத்தைக் கவர்கிறது. மக்கள் ஏற்கெனவே வரவு செலவு வைத்திருந்த சங்கங்களே அதனைத் திரட்டின. இலட்சக்கணக்கானோர் செலுத்திய சிறு தொகையும் அரசின் பங்களிப்பும் சேர்ந்து, நோயுற்ற சிலரின் அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்றன. 2018-இல் நிறுத்தப்பட்ட இத்திட்டம், 2022 இறுதியில் மீண்டும் உயிர்பெற்றது. அப்போது நால்வர் கொண்ட கிராமப்புறக் குடும்பத்திற்குச் சந்தா 500 ரூபாய். காப்பு வரம்பு 5 இலட்சம்.

ஆயினும் இதன் காப்பு அறுவைச் சிகிச்சையை மையமாகக் கொண்டது. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை வழங்கினும், உள்நோயாளிச் சிகிச்சைக்கே உரியது. சேர்க்கைக்கு முன் 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் செலவு அதில் அடங்கும். பதினாறாம் நாள் முதல் வாங்கும் மாத்திரை எவர் கணக்கில்? உடன் சென்றவர் இழந்த கூலி, பேருந்துக் கட்டணம், சாப்பாடு ஆகியவை எந்த அட்டையிலும் இல்லை. மருத்துவச் செலவுக்கென நகையை அடகு வைக்க வருவோரில், காப்பீட்டு அட்டை உடையோரையும் நாங்கள் காண்கிறோம்.

இந்த இடைவெளியைத் தொட்ட முயற்சிகளுள் தமிழகத்தின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குறிப்பிடத்தக்கது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய அத்திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரையின் விலையோடு ஒருநாள் கூலியும் மிஞ்சுகிறது. பெரிய அறுவைச் சிகிச்சை பெறும் கவனத்தை இது பெறுவதில்லை என்பது எங்கள் குறை.

வாடிக்கையாளர்க்கு ஒரு குறிப்பு. கணக்கில் ஆண்டுதோறும் 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவை மருத்துவக் காப்பீடு எனச் சிலர் எண்ணுகின்றனர். அது விபத்தால் நேரும் இறப்புக்கும் ஊனத்துக்கும் மட்டுமே. மருத்துவமனைக் கட்டணத்திற்கு அன்று. 70 வயது நிறைந்தோர் வீட்டில் இருப்பின், வருமானம் பாராது அவர்களுக்கு ஆயுஷ்மான் அட்டை வழங்க 2024 அக்டோபரில் வழி செய்யப்பட்டுள்ளது. ஆதார் அட்டையுடன் பதிவு செய்துகொள்ளலாம். அறுவைக்கு நாள் குறிக்குமுன், அம்மருத்துவமனை திட்டப் பட்டியலில் உள்ளதா என்பதையும் கேட்டறிக.