கடலை மலையிலிருந்து கட்டுவோம்

ஞாயிறு வகுப்பு எடுக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கான பாடம் இது. வேண்டியவை: பழைய அட்டைப்பெட்டிகள், மணிலா அட்டை, நூல், ஒரு டார்ச் லைட், நீலக் கண்ணாடித்தாள், ரெண்டு கண்ணாடி போத்தல். ஒன்றரை மணி நேரம் போதும்.

கடல் மாதிரின்னு சொன்னதும் நாம வழக்கமா என்ன செய்றோம்? சப்பாத்துப் பெட்டிக்குள்ளே நீலச் சாயம் அடிச்சு, ஒரு சுறா, ஒரு ஆமை, ஒரு திமிங்கிலத்தைத் தொங்கவிடுறோம். பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா கடலில் எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் வாழுதுன்னு பிள்ளை நினைச்சுக்கும். அது மட்டுமில்லை, லெம்பா பெர்த்தாம் பிள்ளைக்கு அது யாரோ ஒருத்தருடைய கடல். நம்ம மாதிரி பிள்ளையின் வீட்டு வாசலிலிருந்து தொடங்கணும்.

அட்டைகளை ஒட்டி 130 சென்டிமீட்டர் உயரப் பலகை ஒண்ணு செய்யுங்க. மேலிருந்து 20 செ.மீ. இறங்கி ஒரு கோடு போடுங்க. அதுதான் கடல்மட்டம். அளவு ரொம்ப எளிது: 1 செ.மீ. என்றால் 100 மீட்டர். குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்குச் சற்று மேல், அது பலகையின் உச்சி. லெம்பா பெர்த்தாம் ஏறத்தாழ 1,000 மீட்டர், கோட்டுக்கு மேலே 10 செ.மீ. அங்கே ஒரு குட்டி வீடு ஒட்டச் சொல்லுங்க. தேயிலைச் செடி, கோயில் எல்லாம் அவங்க விருப்பம்.

இப்போ கோட்டுக்குக் கீழே. முதல் 2 செ.மீ. மட்டும் வெளிர் நீலம். தாவரங்கள் உணவு தயாரிக்கப் போதுமான வெயில் 200 மீட்டருக்குக் கீழே எட்டாது. 10 செ.மீ. வரை கருநீலம், அதாவது அந்தி வெளிச்சம். அதுக்குக் கீழே முழுக் கறுப்பு. பலகையின் அடி, மரியானா அகழியின் ஆழம், ஏறக்குறைய 10,900 மீட்டர். “இவ்ளோதான் வெளிச்சமா?” என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை உயரப் பலகை.

உயிர்களை அந்தந்த ஆழத்தில் நூலில் கட்டுங்க. கெம்போங் மீன், பவளம், கடற்புல் எல்லாம் மேல் 2 செ.மீ.க்குள்ளே. திரெங்கானு ரந்தாவ் அபாங் கரைக்கு ஒரு காலத்தில் ஏராளமாக முட்டையிட வந்து, இன்று அரிதாகிவிட்ட பெனியு பெலிம்பிங் ஆமைக்கு 10 செ.மீ. நூல் விடுங்க. அது மூச்சடக்கி 1,000 மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. நம்ம ஊர் எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழம்! 83 செ.மீ.யில் செதிலில்லாத, வழுவழுப்பான ஒரு சின்ன மீன்: 2022இல் ஜப்பான் அருகே 8,336 மீட்டர் ஆழத்தில் படம்பிடிக்கப்பட்டது.

சிவப்பு மணிலா அட்டையில் ஒரு இறால் வெட்டி, அறையை இருட்டாக்கி, டார்ச் லைட்டை நீலக் கண்ணாடித்தாளால் மூடி அடிச்சுப் பாருங்க. இறால் கறுப்பாத் தெரியும். தண்ணீருக்குள் முதலில் மறைவது சிவப்பு ஒளிதான். அதனாலதான் ஆழ்கடல் இறால்கள் பல சிவப்பா இருந்தும் எதிரி கண்ணில் படுவதில்லை. சின்னப் பிள்ளைகள் இதைப் பத்துத் தடவை செய்யச் சொல்வாங்க. செய்யவிடுங்க.

அடுத்து நம்ம ஆறு. சுங்கை பெர்த்தாமின் இயற்கை வழி கிழக்கே: ஜெலாய், பிறகு பகாங் ஆறு, பெக்கான் அருகே தென்சீனக் கடல். ஆனா 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, தேங்கும் நீர் மின்சாரத்துக்காகச் சுரங்கப்பாதை வழியே பேராக் பக்கம் திருப்பப்படுது. அது கடைசியில் மலாக்கா நீரிணையைச் சேரும். அணைக்கதவு திறந்தால் மட்டும் பழைய வழியில், லெம்பா பெர்த்தாம் ஊடாக வரும். ஆகவே வீட்டிலிருந்து ஒரு நூல், அணையிலிருந்து இன்னொரு நூல். ரெண்டும் ரெண்டு கடலுக்கு. மலாக்கா நீரிணையின் தென்பகுதி ஆழம் பெரும்பாலும் 30 மீட்டர் அளவுதான், நம்ம பலகையில் வெறும் 3 மில்லிமீட்டர்.

இப்போ போத்தல்கள். ஒன்றில் தெளிந்த நீர், மற்றதில் ஒரு கரண்டி தோட்டத்து மண் போட்டுக் குலுக்கிய நீர். பின்னாலிருந்து டார்ச் அடிங்க. ரெண்டாவதில் வெளிச்சம் வராது. மழைக்குப் பிறகு ரிங்லெட் ஏரி தே தாரிக் நிறத்தில் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பாங்க. சரிவுகளை வெட்டி நிலத்தை மூடாமல் விடும்போது மண் ஏரியில் படியுது, நீருக்கு இடம் குறையுது. கடல்வரை போகும் சேறு, அந்த 2 செ.மீ. வெளிச்சத்தை மறைக்குது.

இங்கே கொஞ்சம் கவனம். 2013 அக்டோபர் 23 பின்னிரவில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது வந்த வெள்ளம், லெம்பா பெர்த்தாமில் உயிர்களைக் கொண்டுபோனது. பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை உங்க வகுப்பிலேயே இருக்கலாம். அதே மாதிரி, அப்பா காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளை முன்னால் “தோட்டக்காரங்கதான் காரணம்”னு சொல்லாதீங்க. மண்ணைப் புல்லால் மூடினால் என்ன ஆகும்னு மட்டும் கேளுங்க. மூன்றாவது போத்தலில் அவங்களே செஞ்சு காட்டட்டும்.

பலகையைப் பிரிக்காமல் மண்டபத்தில் ஓரமா வையுங்க. அடுத்த வாரம் வீட்டில் சமைத்த மீனின் பெயரை ஒவ்வொருத்தரும் சின்னத் தாளில் எழுதி வந்து, அது வாழும் ஆழத்தில் ஒட்டணும். அந்த 2 செ.மீ.யில் இடம் போதாமல் பிள்ளைகள் தள்ளிக்கிட்டு நிற்பாங்க.