கையொப்பமிடத் தாய் தந்தை இல்லாத பிள்ளைகள்



இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றில், அவ்வீட்டில் பிறவாத ஒரு பிள்ளையும் வளர்கிறது. போரிலே தாய் தந்தையை இழந்த மருமகன், காணாமற்போன மகனின் மகள், அயலவர் விட்டுச்சென்ற குழந்தை என்று எத்தனையோ பேர். முகாமில் நிவாரண அரிசியை அளந்தபோது இப்பிள்ளைகளுக்கும் ஒரு பிடி வைத்தவர்கள் நீங்கள். 2009இல் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் பல்கலைக்கழக வயதை நெருங்கிவிட்டார்கள். அவர்களை அடுத்த படிக்கு ஏற்றிவிட நாம் செய்ய வேண்டியது என்ன? இதுவே இம்முறை எமது பாடம்.

1. என்ன உதவிகள் உள்ளன?

அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, பஸ் கட்டணம், புத்தகம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். வன்னியிலிருந்து பேராதனைக்கோ கொழும்புக்கோ போகும் பிள்ளை முதல் மாதத்திலேயே இதை உணர்ந்துகொள்ளும். இக்குறையைத் தீர்க்க, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நிதியம் நிறுவப்பட்டது. மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த மாணவருக்குப் பேர்சரி எனும் உதவிப் பணம் உண்டு. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பேர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும், விண்ணப்பிக்கும்போது கேட்டறிந்துகொள்ளுங்கள்.

2. தடை எங்கே இருக்கிறது?

இவ்வுதவிகள் குடும்ப வருமானத்தைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. ஆகவே தாய் தந்தையின் தொழில் என்ன, வருமானம் என்ன என்ற கேள்விகள் எழுகின்றன. அவர்கள் இறந்திருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரம் பதில் சொல்லும். காணாமற்போயிருந்தால் எந்தத் தாள் பதில் சொல்லும்?

பேரனை வளர்த்த ஓர் அம்மம்மாவை நாம் சந்தித்தோம். பையன் உயர்தரத்தில் நன்றாகச் சித்தியடைந்திருந்தான். அவனது தாய் ஷெல் வீச்சில் இறந்தார். தந்தையைப் பற்றித் தகவலே இல்லை. மரணப் பதிவு செய்யலாமே என்றோம். “என்ரை மருமோன் செத்துப்போனான் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது, சுவாமி?” என்று கேட்டார். எம்மிடம் பதில் இல்லை.

காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவுசெய்ய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. ஆனால் பலர் அந்த அம்மம்மாவைப் போலவே அதை மறுத்தார்கள். அந்த மறுப்பு அறியாமை அல்ல, அன்பு. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது நடுவழி ஒன்று பிறந்தது. ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் அது. இறந்தார் என்று அது சொல்லாது. குடும்பத்தார் அதைக் காட்டி அரச உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

இதைக் கேட்டதும் அம்மம்மா, “அப்பிடியெண்டால் வைக்கிறன்” என்றார். ஆனால் சான்றிதழ் கைக்கு வந்தபோது அவ்வாண்டின் விண்ணப்ப முடிவு திகதி கடந்துவிட்டது. சில மாதங்கள் முன்னரே தொடங்கியிருந்தால் அந்தப் பிள்ளை கடன்பட்டுப் படிக்க நேர்ந்திராது.

3. வேறொரு நாட்டில்

இந்தத் தடை எமக்கு மட்டும் உரியதல்ல. ஐக்கிய அமெரிக்காவிலும் கல்லூரி உதவிக்கான விண்ணப்பம் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கிறது. ஆனால் 13 வயதுக்குப் பின்னர் எப்போதாவது தாய் தந்தை இருவரும் இல்லாதிருந்தவர், அல்லது அரச ஏற்பாட்டில் வளர்ப்புக் குடும்பத்தில் வாழ்ந்தவர், அக்கேள்விக்குப் பதில் எழுதத் தேவையில்லை. வளர்ப்புக் குடும்பங்களிலிருந்து வெளியேறும் இளையோருக்கு ஆண்டுக்கு 5,000 டொலர் வரையான தனி உதவியும் உண்டு. ஆயினும் அங்கும் அதை நிரூபிக்கக் கடிதம் கேட்கப்படலாம். சலுகை சட்டத்தில் இருந்தால் போதாது. அதற்குரிய தாள் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

4. இன்றே செய்யக்கூடியவை

மழை கொட்டத் தொடங்கிய பின் வரம்பு கட்ட முடியாது. பிள்ளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இவற்றைத் தொடங்குங்கள்.

அ. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறுங்கள். பெயர், எழுத்துப் பிழைகளையும் இப்போதே திருத்துங்கள்.

ஆ. தாய் தந்தையின் மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வையுங்கள். காணாமற்போயிருந்தால் காணாமற்போனோர் அலுவலகத்தில் சான்றிதழ் பற்றி விசாரியுங்கள். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் அதன் அலுவலகங்கள் திறக்கப்பட்டுள்ளன.

இ. பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருப்பதற்கு எழுத்திலான ஆதாரம் தேடுங்கள். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு பிள்ளையை உறவினரிடமோ தகுந்த வேறொருவரிடமோ நீதிமன்றம் ஒப்படைக்கலாம். இதுபற்றிப் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

ஈ. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று திறவுங்கள்.

உ. எல்லாவற்றையும் பிரதியெடுத்து, ஒரு தொகுதியைப் பாடசாலை அதிபரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுத்து வையுங்கள். மீண்டும் ஓடவேண்டி வந்தாலும் ஒன்று மிஞ்சும்.

ஒன்றை மறவாதீர்கள். இத்தாள்களைத் தேடும்போது பிள்ளையின் பழைய காயம் திறக்கும். அலுவலக வரிசையில் தனியே நிற்கவிடாதீர்கள், கூடச் செல்லுங்கள்.

5. கூடிச் சிந்திக்க

• எமது கிராமத்தில் தாய் தந்தையரின்றி வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் யாரிடம் எந்தத் தாள் இல்லை?

• அவர்களின் தாய் தந்தையரை அறிந்த முதியவர்கள் யார்? அவர்கள் இருக்கும்போதே யார் போய்க் கேட்டு எழுதி வைப்பது?

• அலுவலகத்துக்குத் துணையாகச் செல்ல, எமது சங்கத்திலிருந்து மாதம் ஒரு நாளை யார் தருவார்கள்?

இறுதிக் கேள்விக்கு ஒரு பெயரை எழுதாமல் கூட்டத்தை முடிக்காதீர்கள்.